ஒரே நிறம், ரெண்டு நம்பர்: மரக்காணத்துக்கு வந்த மெத்தனால்

சென்னையிலிருந்து ஈசிஆர்ல ஆரோவில் போறவங்க எல்லாருமே மரக்காணத்தைத் தாண்டித்தான் போறோம். ரோட்டோரம் உப்பளம், வெள்ளை வெள்ளையா குவியல், ரெண்டு செல்ஃபி, அப்புறம் நேரா ஆரோவில். இன்னிக்கு எபிசோடு அந்தக் கடற்கரையில 2023-ல நடந்த ஒரு சாவைப் பத்தியும், ஆபத்தான சரக்கை எப்படிக் கொண்டுபோகணும்ங்கிற விதிகளோட வரலாற்றைப் பத்தியும்.

முதல்ல உப்பு. சங்க இலக்கியத்துல உமணர்கள்னு ஒரு வணிகக் கூட்டம் வரும். கடற்கரையில விளைஞ்ச உப்பை மாட்டு வண்டியில ஏத்தி உள்நாட்டுக்குக் கொண்டுபோவாங்க. அந்தச் சரக்குக்கு லேபிள் தேவைப்படல. ஒரு சிட்டிகை நாக்குல வெச்சா, அது என்னன்னு தெரிஞ்சுடும்.

நாக்கை நம்ப முடியாத சரக்கு

ரசாயனத் தொழில் வளர்ந்ததும் அந்த வசதி போச்சு. எத்தனால், மெத்தனால் ரெண்டையும் எடுத்துக்கோங்க. ரெண்டுமே நிறமில்லாத திரவம். வாசனையும் கிட்டத்தட்ட ஒண்ணு. முதலாவது மதுவில் இருக்கிற ஆல்கஹால். ரெண்டாவது பெயின்ட், பிசின் மாதிரி தொழில்களுக்கான மூலப்பொருள். அது உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் அமிலமா மாறும். கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும்.

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதுன்னா, பெயர் சரக்கோட கூடவே பயணம் பண்ணணும். ஐ.நா. நிபுணர் குழு 1956-ல ஆபத்தான சரக்குப் போக்குவரத்துக்கான பரிந்துரைகளை முதன்முதலா வெளியிட்டது. அந்த ஏற்பாட்டுல பிறகு பொருட்களுக்கு நான்கு இலக்க எண் வந்தது. எத்தனாலுக்கு 1170, மெத்தனாலுக்கு 1230. மெத்தனால் தீப்பற்றும் திரவம்ங்கிறதால 3-ஆம் வகுப்பு. நச்சுங்கிறதால கூடவே 6.1. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, டேட்டா எங்க போனாலும் மெட்டாடேட்டாவும் கூடவே போகணும்.

டேங்கர் மேல இருக்கிற பலகை

இந்தியாவுல 1984 போபால் விபத்துக்குப் பிறகு 1986-ல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989-ல மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. அதுல 129-லிருந்து 137 வரை ஆபத்தான சரக்குக்கானவை. டேங்கர்ல ஒரு அவசரத் தகவல் பலகை இருக்கணும்: பொருளோட பெயர், ஐ.நா. எண், வகுப்பு அடையாளம், அனுப்பினவரோட பெயர், போன் நம்பர், அவசர உதவிக்கான எண்கள். ஓட்டுறவங்களுக்குத் தனிப் பயிற்சியும் வேணும். ஒரு இந்திய மொழியோட ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியணும். ஏன்னா விபத்து நடந்தா அந்தத் தாளை அவர்தான் படிச்சாகணும்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது விதி 131. கேள்வி டிரைவர்கிட்ட ஆரம்பிக்கல, சரக்கை அனுப்புறவர்கிட்ட ஆரம்பிக்குது. என்ன பொருள், என்ன ஆபத்துன்னு முழுத் தகவலையும் முதல்ல அவர் கொடுக்கணும். முதல் கை மறைச்சா, அடுத்த எந்தக் கைக்கும் தெரியாது.

எக்கியார்குப்பம், மே 2023

மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம் ஒரு மீனவ கிராமம். அங்க சாராயம்னு சொல்லி வித்ததைக் குடிச்சவங்க அடுத்தடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அதே நாட்கள்ல செங்கல்பட்டு மாவட்டத்துலயும் இதே நடந்தது. ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து இருபதுக்கும் மேல செத்துப் போனாங்க. குடிச்சது தொழிற்சாலை மெத்தனால். சென்னைப் பக்கம் ஒரு ரசாயன ஆலையிலிருந்து கைமாறி வந்ததுன்னு போலீஸ் சொன்னாங்க.

தமிழ்நாட்டுல மெத்தனால் வெச்சிருக்கவும், விக்கவும், கொண்டுபோகவும் உரிமம் வேணும்; அதுக்கு 1959-லேயே தனி விதிகள் இருக்கு. ஆனாலும் பெயரெழுதின பேரல்லேருந்து வெறும் கேனுக்கு ஊத்தின அந்த நிமிஷத்துல 1230 காணாமப் போச்சு. அதுக்கப்புறம் அது வெறும் 'சரக்கு'.

பெயர் போனதுக்கு விலை ஆஸ்பத்திரியிலயும் தெரியும். மெத்தனாலோட தீவிர அறிகுறிகள் பல மணி நேரம் கழிச்சுத்தான் வரும். வயித்து வலி, பார்வை மங்கல். போதைன்னு வீட்டுல படுக்க வெச்சுடுவாங்க. சீக்கிரம் தெரிஞ்சா மாற்று மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. குடிச்சது என்னன்னே தெரியலைன்னா அந்த நேரம் கையை விட்டுப் போயிடும்.

அடுத்த வருஷம், ஜூன் 2024-ல, கள்ளக்குறிச்சியில அறுபதுக்கும் மேற்பட்டவங்க இதே மெத்தனால்ல செத்தாங்க. சட்டசபை தண்டனையை ஆயுள் வரைக்கும் உயர்த்துச்சு. அது தேவைதான். ஆனா அது வித்தவனைப் பிடிச்ச பிறகு வர்ற சட்டம். ஆலைக்கு எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை செலவாச்சு, மீதி எங்கன்னு ஒவ்வொரு கையிலயும் கணக்குக் கேட்டாத்தான் கேன்ல ஊத்துறதுக்கு முன்னாடியே தடுக்க முடியும்.

அடுத்த முறை ஈசிஆர்ல ஒரு டேங்கர் பின்னாடி மாட்டிக்கிட்டீங்கன்னா, ஹாரன் அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பலகையை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. நம்பர் தெளிவா இருக்கா, அழிஞ்சிருக்கான்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.