கருப்பை "பிரசவிக்கும்" கட்டி: ஒரு சின்ன வரலாறு



வயிற்றில் குழந்தை இல்லை. ஆனா பிரசவ வலி மாதிரி விட்டு விட்டு வலி, நிற்காத உதிரப்போக்கு. கருப்பைக்குள் காம்போடு தொங்கும் ஃபைப்ராய்டு கட்டியை, கருப்பையே இறுக்கி இறுக்கி வாய் வழியா வெளியே தள்ளும்போது இப்படி நடக்கும்.

வயிற்றைத் திறந்தாலே பெரும்பாலும் மரணம் என்றிருந்த காலத்தில், மருத்துவர் கைக்கு எட்டியது கீழே இறங்கி வந்த கட்டிதான். 1840இல் பாரிஸில் அமுசா என்ற சர்ஜன் ஒரு ஃபைப்ராய்டைப் பிறப்புறுப்பு வழியாவே குடைந்து எடுத்தார். ஈதர் மயக்கம் உலகுக்குத் தெரிய வந்ததே 1846இல்தான். அந்தப் பெண் பட்ட வலியை நினைச்சுப் பாருங்க!

கத்தி வைக்கும் முன் ஒரு பயம் இருந்தது. வெளியே தெரிவது கட்டியா, இல்லை துணிப்பையை உள்ளிருந்து வெளியே இழுத்த மாதிரி புரண்டு வந்த கருப்பையேவா? தப்பா வெட்டினால் உயிர் போகும். அதனால் கட்டியைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார்கள். கருப்பைக்குள் ஆழமா போனால் கட்டி. போகாமல் முட்டி நின்றால் கருப்பை புரண்டிருக்கலாம்.

1872இல் ஜெர்மானிய மருத்துவர் ஹில்டப்ராண்ட் எர்காட் மருந்தை ஊசியாகப் போட்டார். கருப்பை சுருங்கி, சிலருக்குக் கட்டி தானாகவே வெளியேறியது. பாதியில் சிக்கி அழுகினால் கிருமித் தொற்று. அப்போது ஆன்டிபயாடிக்கும் கிடையாது.

1970களில் அமெரிக்காவின் நியூவிர்த், சிறுநீர்ப்பாதை சிகிச்சைக் கருவியான ரிசக்டோஸ்கோப்பைக் கொண்டு கருப்பைக்குள்ளேயே கட்டியைச் செதுக்கி எடுத்தார். 1995இல் மறுபடியும் பாரிஸ். கட்டிக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயை அடைத்துச் சுருங்க வைக்கும் சிகிச்சையை ரவினா குழு வெளியிட்டது. இதிலும் சிலருக்கு, வாரங்களோ மாதங்களோ கழிச்சு, செத்த கட்டியைக் கருப்பை வெளியே தள்ளும்!

இன்று கருப்பை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கா என்று ஸ்கேன் காட்டிவிடும். ரத்தம் குறைந்திருந்தால் ஏற்றுகிறோம். தொற்றுக்கு ஆன்டிபயாடிக். காம்பு மெல்லிசா இருந்தால் கட்டி, முறுக்கி, கீழ்வழியாவே எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புகிறோம். பலருக்குக் கருப்பையை எடுக்க வேண்டியதே இல்லை.

சகோதரிகளே, "வயசானா இப்படித்தான் போகும்"னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. அதிக உதிரப்போக்கு, விட்டு விட்டு வலி, துர்நாற்றம், காய்ச்சல், ஏதோ கீழே இறங்குற உணர்வு... இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்க.