கப்பலரிசியும் கமத்தொழிலும்

உழவனைப் புகழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. மேடையிலும் பாடநூலிலும் அப்புகழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆயின், வயல் எவ்வாறு இயங்குகின்றது என்னும் அறிவு புகழ்ச்சியின் வேறானது. அவ்வறிவின்மையால் ஒரு நாடு எய்தும் இடரினை இலங்கையின் அண்மைக்கால வரலாறு நன்கு காட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரித்தானியர் கோப்பியையும், அது நோயால் அழிந்தபின் தேயிலையையும் பெருக்கினர். தோட்டத்தொழிலாளரும் நகரத்தாரும் உண்ட அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. உள்நாட்டு நெல்லோ 1892ஆம் ஆண்டளவும் தானியவரி இறுத்து வந்தது. 1887இற் கலாவாவி திருத்தப்பெற்றமை போன்ற நற்பணிகள் சில நிகழ்ந்தன. 1931இல் விவசாய அமைச்சரான டி. எஸ். சேனநாயக்கா வரண்ட வலயத்திற் குடியேற்றங்களை ஊக்கினார். எனினும், இரண்டாம் உலகப்போர் மூண்டபொழுது நாடு உண்ட அரிசியிற் பாதிக்கு மேற்பட்டது பிறநாட்டரிசியே.

1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கைப்பட்டது. பர்மா அரிசி நின்றது. கூப்பன் முறை வந்தது. தரிசு நிலமெல்லாம் பயிராகுக என்று அரசு பணித்தது. ஆனால் நெல் கட்டளைக்கு விளைவதன்று. விதைநெல் முந்திய போகத்திலேயே எடுத்துவைக்கப்பட்டிருத்தல் வேண்டும். உழவெருது கன்றாய் இருந்து ஆண்டுகள் சில வளர்ந்திருத்தல் வேண்டும். உடைந்த குளக்கட்டு ஒரு மாரிக்குள் உயர்வதில்லை. காடு வெட்டி வயலாக்கப் புகுந்தாரை மலேரியா மடக்கியது. அந்நோய் அடங்கியது டி.டி.ரி. மருந்து பரந்த அளவில் தெளிக்கப்பெற்ற 1946ஆம் ஆண்டின் பின்னரே. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. பாண் இலங்கையர் உணவில் வேரூன்றியமைக்கு அத்தட்டுப்பாடும் ஒரு காரணம். கப்பலரிசியின் குறையைக் கப்பல் மாவே தீர்த்த விந்தை இது!

போர் ஓய்ந்ததும் பாடம் மறக்கப்பட்டது. பொதுமக்கள் கருத்திற் பெரிதாய் நின்றது வயலன்று, கூப்பன் அரிசியின் விலையே. 1953இற் கொத்து ஒன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகஸ்டு 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். பசித்தவர் சினம் நியாயமானதே. ஆயினும் அவ்வரிசி எங்கு விளைந்தது, ஏன் இங்கு விளையவில்லை என்று அன்று வினவியோர் சிலரே.

1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபொழுது யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வாய்த்தது. கிணற்று நீரை நம்பிய சிறு கமக்காரரும் கல்வீடு கட்டினர். நகரத்தாரோ பாணுக்கு வரிசையில் நின்றனர். 1977இல் வாயில் திறக்கப்பட்டது, வரிசை மறைந்தது, வடக்கின் தோட்டக்காரருட் பலர் விலைவீழ்ச்சியால் நொந்தனர். ஒருவர் நலம் மற்றவர்க்கு இடராய்த் தோன்றியதேயன்றி, இரண்டையும் இணைத்து நோக்கும் பொதுக்கருத்து உருவாகவில்லை.

இதனிடையே, பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் உருவாக்கிய புதிய நெல்லினங்கள் விளைவைப் பன்மடங்காக்கின. அவை பசளையை ஏற்று மிக விளையுமாறு தெரிந்தெடுக்கப்பட்டவை. இவ்வுண்மையைக் கமக்காரன் அறிவான். ஆட்சியாளர் 2021இல் அதனைப் பொருட்படுத்தவில்லை. இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. சேதனப் பசளை தீதன்று. ஆனால் நாடு முழுவதற்கும் போதிய அளவு அதனை ஒரு போகத்துள் ஆக்குதல் இயலாது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபொழுது பெரும்போகத்து விதைப்புப் பல வயல்களில் முடிந்திருந்தது. அப்போகத்தின் விளைவு பெரிதும் வீழ்ந்தது. அரிசி வாங்க அரசு அப்பொழுது நாடிய நாடுகளுள் ஒன்று மியன்மார், அஃதாவது பழைய பர்மா.