வேலூர்த் தெருக்களின் குழந்தைகள் உலகுக்குக் கற்பித்த பாடம்



2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். தமிழகமெங்கும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டு வந்தது. ஒடுகத்தூரில் நான் ஓதிக்கொடுக்கும் மக்தபிலிருந்து மகனை அழைத்துச் செல்ல வந்த ஒரு தாய், "ஹஸ்ரத், பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்களாம். நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வருகிறதே, போடலாமா?" என்று கேட்டார். அதே குரல் பதிவு அன்று காலை எனக்கும் வந்திருந்தது. "உங்கள் இஷ்டம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் ஊசி போடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுவன் தட்டம்மையில் படுத்தான். காய்ச்சலும் சளியும் நெஞ்சை அடைத்து, பல நாட்கள் மருத்துவமனையில் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் எழுந்தான். வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்னும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன் நான். அந்தப் பாடம் என்னிடமே தங்கவில்லை என்ற வெட்கம் இன்றும் உண்டு.

அந்த வெட்கத்தினால்தான் படிக்கத் தொடங்கினேன். நம் குழந்தைகளை வைத்துச் சோதிக்கிறார்களா என்ற கேள்விக்கு விடை தேடிய எனக்கு, அது வெகு தொலைவில் இருக்கவில்லை. ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து பேருந்தேறிப் போய்வரும் வேலூரிலேயே இருந்தது.

முதலில் ஒன்றை நினைவுகூர வேண்டும். குழந்தை மருத்துவம் நமக்கு அந்நியமான கல்வியன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி, பெரியம்மையும் தட்டம்மையும் வெவ்வேறு நோய்கள் என்பதை விளக்கித் தனி நூலே எழுதினார். குழந்தைகளின் நோய்களைப் பற்றிய நூலொன்றும் அவர் பெயரால் வழங்கி வருகிறது. கேட்டதை அப்படியே ஏற்காமல், நோயாளியின் அருகிலிருந்து பார்த்து எழுதுவது அவருடைய வழி. வேலூரில் நடந்ததும் அதே வழிதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கத்தைப் பற்றி அனைவரும் அறிந்த வரலாறு ஒன்றுண்டு. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார், பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்காக ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணைத் தேடி வந்தார்கள். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். மருத்துவரான தம் தந்தையை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அதன் பின்னரே ஐடா மருத்துவம் பயின்று, 1900-ஆம் ஆண்டு வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். இம்மருத்துவமனையின் வேரில் நம் சமூகத்துப் பெண் ஒருவரின் மரணமும் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

அக்கல்லூரியில் வைரஸ் ஆய்வுக்கூடத்தை உருவாக்கியவர் குழந்தை மருத்துவரான டாக்டர் டி. ஜேக்கப் ஜான். அக்காலத்தில் இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ நம் ஊர்களில் சாதாரணமாக இருந்தது. மேலை நாடுகளில் மூன்று முறை சொட்டு மருந்து கொடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பாதுகாப்புப் பெற்றன. அதே மருந்து, அதே மூன்று முறை. வேலூர்க் குழந்தைகளிடமோ அந்தப் பலன் கிட்டவில்லை. மூன்று முறை அருந்திய பின்னரும் பலருடைய உடலில் போதிய எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை என்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1972-இல் வெளியிட்டார்கள். நம் குழந்தைகளுக்கு மூன்று போதாது, கூடுதல் தவணைகள் வேண்டும் என்பதே அதன் பொருள்.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. ஆண்டு முழுதும் சிறிது சிறிதாகக் கொடுப்பதை விட, குறிப்பிட்ட நாட்களில் ஊரிலுள்ள குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் நோய்க்கிருமி பரவ இடமின்றிப் போகும் என்பதை வேலூரில் செய்து பார்த்தார்கள். அதன் முடிவு 1983-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. 1995 டிசம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய 'பல்ஸ் போலியோ' முகாம்களை நாம் அனைவரும் அறிவோம். பிள்ளைகளின் சுண்டுவிரலில் மை வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பே, அம்முறை வேலூரில் சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது.

வேலூரின் முடிவு எவ்வளவு சரி என்பதை வட இந்தியா காட்டியது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பலமுறை சொட்டு மருந்து அருந்திய குழந்தைகளையும் போலியோ தாக்கியது. இன்னொரு புறம், அம்மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி மேற்கு உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் மொஹல்லாக்களில் பரவிக் கதவுகள் மூடப்பட்டன. 2002-இல் இந்தியாவில் 1,600 குழந்தைகள் பாதிக்கப்பட்டபோது, மக்கள்தொகையில் நம் விகிதத்தை விட அதிகமான விகிதத்தில் நம் குழந்தைகள் அதில் இருந்தார்கள். வதந்தியைப் பரப்பியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் சூம்பியது குழந்தைக்கு.

அந்தக் கதவுகளை மீண்டும் திறந்தவர்களில் உலமாக்களும் இருந்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் முகாம் நாள் அறிவிக்கப்பட்டது. இமாம்கள் தம் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்துக் காட்டினார்கள். 2005-லும் 2010-லும் மேலும் திறனுள்ள சொட்டு மருந்துகள் வந்தன. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததே இந்நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டாவது வரலாறு இன்னும் நமக்கு நெருக்கமானது. அது வயிற்றுப்போக்கைப் பற்றியது.

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கிற்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரஸ் 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப்பின் குழுவினரால் கண்டறியப்பட்டது. ஒரு முறை இந்நோய் வந்து போனால் உடல் அடுத்த முறைக்குக் காப்புப் பெறும் என்பதே தடுப்பு மருந்தின் அடிப்படை. மெக்சிகோவில் 1996-இல் வெளியான ஆய்வில், இரு முறை தொற்றுக்குள்ளான குழந்தைகளுக்கு அதன்பின் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு வரவே இல்லை. நம் குழந்தைகளிலும் அப்படித்தானா என்பதை வேலூரில் டாக்டர் ககன்தீப் காங் தலைமையிலான குழு அறிய முற்பட்டது.

அதற்காக அவர்கள் 2002-இல் சென்ற இடங்கள் சின்ன அல்லாபுரம், ராம்நாயக்கன்பாளையம், கஸ்பா. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நெருக்கமான தெருக்கள் அவை. நம்மில் பலருக்கு உறவினர் வாழும் பகுதிகள். பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்கு வந்தார்கள். இரு வாரத்துக்கு ஒரு முறை மலமாதிரி எடுக்கப்பட்டது. 373 குழந்தைகள் மூன்று ஆண்டும் நிறைவு செய்தனர். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவருக்குக் கதவு திறந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன தாய்மார்களின் பொறுமையை எண்ணிப் பாருங்கள்.

2011-இல் வெளியான முடிவு மருத்துவ உலகை நிமிர்ந்து பார்க்கச் செய்தது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆறு மாதம் நிறைவதற்குள் ரோட்டா தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். மூன்று முறை தொற்று வந்த பின்னரும் கடும் நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடு மட்டுமே. மெக்சிகோவின் கணக்கு வேலூருக்குப் பொருந்தவில்லை. போலியோவில் கண்ட அதே பாடம் மீண்டும் வெளிப்பட்டது: வேற்று நாட்டுக் குழந்தைகளிடம் கண்டதை வைத்து நம் குழந்தைகளுக்கு முடிவு கட்ட இயலாது.

ஆகவே இந்தியாவில் உருவான 'ரோட்டாவாக்' மருந்து இந்தியக் குழந்தைகளிடமே ஆராயப்பட்டது. அதன் மூலக்கிருமி 1980-களில் டெல்லியின் பச்சிளங்குழந்தைகளிடம் டாக்டர் எம்.கே. பான் குழுவினர் கண்டெடுத்தது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் பங்கேற்றனர். முதல் ஆண்டில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை அது 56 விழுக்காடு தடுத்தது. இது குறைவாகத் தோன்றலாம். ஆயின் இந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டா வைரஸால் இறந்ததாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. அத்தகைய நாட்டில் பாதியைத் தடுப்பதும் பல்லாயிரம் உயிர்களைக் காப்பதாகும். 2016-இல் சில மாநிலங்களில் தொடங்கிய ரோட்டா தடுப்பு மருந்துத் திட்டம் 2017-இல் தமிழகத்துக்கும் வந்தது. 6, 10, 14 வாரங்களில் இன்று நம் குழந்தைகளுக்கு அது இலவசமாகப் புகட்டப்படுகிறது.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். நம் குழந்தைகளிடம் ஆய்வு செய்தார்களா? ஆம், செய்தார்கள். செய்யாதிருந்தால், நமக்குப் போதாத மூன்று தவணைப் போலியோ மருந்தையே போதுமென்று நம்பி நம் பிள்ளைகள் முடமாகியிருப்பார்கள். ஆனால் ஆய்வு என்பது அமானிதம். பெற்றோருக்குப் புரியும் மொழியில் விளக்கி, அவர்களின் முழுச் சம்மதம் பெற்று, எந்த நேரத்திலும் விலகும் உரிமையை அளித்த பின்னரே அதைத் தொடங்கலாம். இது என்ன, தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யார் என்று கேட்பது பெற்றோரின் கடமை. கேள்வி கேட்பது வேறு, விசாரிக்காமல் கதவடைப்பது வேறு. முன்னது அமானிதத்தைக் காக்கும். பின்னது குழந்தையின் உரிமையைப் பறிக்கும்.

மருந்து மட்டும் போதாது. நம் வீட்டு வழக்கமும் மாற வேண்டும். வயிறு போகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று என் நன்னிமா உறுதியாக நம்பினார். என் தாயார் தம் தலைச்சன் பிள்ளையை அவ்வாறே, நாக்கு வறண்ட நிலையில் பறிகொடுத்தார். அந்த நம்பிக்கை இன்னும் நம் மலையோர ஊர்களில் இருக்கிறது. 1971-இல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்குரிய மருந்து நீர் தீர்ந்துபோகும் நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். அங்கே முன்பு நோயாளிகளில் 100-க்கு ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். அதன்பின் அது 4-க்கும் கீழே வந்தது. அந்தக் கரைசல்தான் அங்கன்வாடியில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். வயிறு போகத் தொடங்கியதும் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கலக்கி, அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஜிங்க் மாத்திரையை, போக்கு நின்றாலும் மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நோயைப் படைத்த இறைவன் அதற்கான நிவாரணத்தையும் படைத்திருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்த நிவாரணத்தின் ஒரு பகுதி, சின்ன அல்லாபுரத்துத் தாய்மார் கதவு திறந்ததனால் உலகுக்குக் கிடைத்தது. அவர்களுடைய பெயர் எந்த நூலிலும் இல்லை. அது அவர்களுக்கு ஸதகத்துல் ஜாரியாவாக, நிலைத்த தர்மமாக அமையட்டும் என்று துஆச் செய்வோம்.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தாய், சென்ற ஆண்டு கைக்குழந்தையான தம் மகளோடு மக்தப் வாசலுக்கு வந்தார். "ஹஸ்ரத், ஆறு வாரம் ஆகிறது, சொட்டு மருந்துக்கு வரச் சொல்கிறார்கள்" என்றார். "இன்றே போங்கள்மா. அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்" என்றேன். இந்த முறை எனக்கு விடை தெரிந்திருந்தது.