கூடாரத்துக்குப் பின்னால நிற்கிற ஆக்கள்

ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிஞ்சு சனம் கலைஞ்ச ஒரு பின்னேரம். மாமாங்கக் குளத்துப் படிக்கட்டில நாங்கள் ஆறு பேர் குந்தியிருந்து கதைச்சுக்கொண்டிருந்தோம். எங்களில ஒருத்தர் கைபேசியில ஒரு படத்தைக் காட்டினார். பரந்த தண்ணீர், நடுவில ஆம்பல் பூ, ஒடுங்கலான ஒரு தோணி. பின்பக்கத்தில ஒரு ஆள் நின்றபடி நீளக் கம்பை ஊன்றித் தள்ளுகிறார். "இது வலையிறவுப் பக்கமா?" என்று கேட்டோம். இல்லையாம், பொட்ஸ்வானாவாம்.

படத்தின் மறுபாதியில மரப்பலகை மேடை ஒன்று. அதுக்கு மேல வெள்ளைக் கூடாரம். உள்ளே பெரிய கட்டில், வெண்கல விளக்கு, குளிக்கிற தொட்டி. அங்கே தங்க ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேலே போகும். கணக்குப் பார்த்துச் சிரிச்சோம். மறுகா ஒருத்தர் கேட்டார்: "கூடாரம் எண்டா ஒண்டும் இல்லாத ஆக்கள் இருக்கிற இடம் எல்லோ? சுனாமிக்குப் பிறகு நாங்கள் இருந்ததும் கூடாரத்திலதானே? அது எப்ப இப்பிடி விலை ஏறிச்சு?"

அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து படிச்சதில கிடைச்சதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒகவாங்கோ ஆறு அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பிறந்து, நமீபியாவின் ஒரு ஒடுங்கிய துண்டைக் கடந்து பொட்ஸ்வானாவுக்குள் வருகிறது. அது கடலைச் சேருவதே இல்லை. கலஹாரி மணலில் விரிந்து, ஆயிரம் கிளையாகப் பிரிந்து, அங்கேயே வற்றிப்போகிறது. அங்கோலாவில் ஜனவரி, பெப்ரவரியில் பெய்கிற மழை மெல்ல மெல்ல நகர்ந்து ஜூன், ஜூலை, ஓகஸ்டில்தான் இந்த ஈரநிலத்தை நிரப்புகிறது. அதாவது, சுற்றியுள்ள நிலம் காய்ந்து வெடிக்கிற நேரத்தில் இங்கே வெள்ளம். யானையும் எருமையும் சிங்கமும் தண்ணீரைத் தேடி வந்து சேர்கின்றன. பார்க்கிறதுக்கு மனிதர்களும் வருகிறார்கள். 2014இல் இந்த இடம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது.

'சபாரி' என்பது சுவாஹிலிச் சொல். பயணம் என்பது பொருள். வேர் அரபியில். காத்தான்குடியிலயும் ஏறாவூரிலயும் எங்கட கூட்டாளிமார் வீட்டில பெரியாக்கள் பிரயாணத்தை 'சபர்' எண்டு சொல்லுறதைக் கேட்டிருப்பீங்கள். அதே சொல்தான். வியாபாரிகளின் நடைப்பயணத்தைக் குறித்த அந்தச் சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரரின் வேட்டைப் பயணத்தைக் குறிக்கத் தொடங்கியது.

அப்படியான பயணங்களில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. சுட்ட மிருகங்களின் தோலைப் பதப்படுத்த மட்டும் 4 தொன் உப்புக் கொண்டுபோனார்கள். தோல் அட்டை போட்ட புத்தகப் பெட்டி ஒன்றும் கூடப் போனது. இவ்வளவையும் தலையில் சுமந்தவர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கச் சுமைகாரர்கள். காட்டுக்குள் சொகுசு என்று நாங்கள் இப்ப படத்தில பார்க்கிற காட்சிக்கு அடித்தளம் இதுதான். ஒருத்தருக்குக் கூடாரம் வேணும் எண்டா, அதைச் சுமக்கிறதுக்குப் பத்துப் பேர் வேணும்.

ஆனால் கதை ஆப்பிரிக்காவில் தொடங்கவில்லை. எங்களைத் தூக்கிப்போட்ட இடம் இதுதான்.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறினார். 1855 வரை இலங்கையில் இருந்தார். வேட்டைதான் அவருக்கு உயிர். மலையில் இருந்து இறங்கி, ஊவாவின் கிழக்குச் சரிவில் புல்வெளியும் காடும் கலந்து கிடக்கிற நிலத்துக்கு வருவார். வெள்ளைக்காரர் அதைப் 'பார்க் நாடு' என்று கூப்பிட்டார்கள். அங்கிருந்து மட்டக்களப்புப் பக்கம் வரைக்கும் யானை தேடி அலைவார். கூடவே கூடாரம், சமையல்காரர், சுமைகாரர், தடம் பார்க்கிற ஆக்கள், வேட்டை நாய்கள். இலங்கை வேட்டை பற்றி எழுதி இரண்டு புத்தகம் வெளியிட்டார். இலங்கையை விட்டுப்போன பிறகு நைல் நதியின் ஊற்றைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போனார். 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டு, அதுக்கு விக்டோரியா மகாராணியின் கணவரின் பெயரை வைத்தார். ஆப்பிரிக்காவில் அவர் அடித்த கூடாரத்துக்கு ஒத்திகை நடந்தது எங்கட பக்கத்துக் காட்டில.

சபாரிக் கூடாரத்தை இலங்கைதான் கண்டுபிடிச்சது எண்டு பெருமை அடிக்க நாங்கள் வரவில்லை. பெருமைப்பட அதில என்ன இருக்கு? பேக்கருக்கு முன்னால் இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி 1400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பதிவு. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அந்தக் காலத்தில் யானை சுட்டால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைக்குச் சன்மானம் போனதாக, காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் எழுதி வைத்திருக்கிறார்.

டெனன்ற் எங்களுக்குத் தெரியாத ஆள் இல்லை. மட்டக்களப்பு வாவியில் 'மீன் பாடுறதை' இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதிய அதே மனிதர். சத்தம் போடுறது ஊரி என்று அவருக்குச் சொன்னவர்கள் எங்கட ஊர் மீனவர்கள். அவரை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போனதும் அவர்கள்தான். பாட்டைக் கேட்டவரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. கம்பு ஊன்றினவரின் பெயரை நாங்கள் எங்கும் படித்ததில்லை.

இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை முழுக்க எங்களை உறுத்திக்கொண்டிருந்தது.

சுட்டுச் சுட்டு மிருகம் குறைந்தபோது, வேட்டைக்காரர்களுக்கே பயம் வந்தது. 1894இல் தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் சேர்ந்து வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல வேலைதான். ஆனால் பாதுகாத்தது யாருக்காக? யாலப் பக்கம் நாட்டில் வசிக்கும் 'வேட்டை விளையாட்டுக்காரருக்கு' என்றே ஒதுக்குகாடு இருந்தது. துரை சுட்டால் விளையாட்டு. சேனைக்காரன் மரைக்குப் பொறி வைத்தால் களவு. ஒரே காடு, ஒரே மிருகம், இரண்டு பெயர்.

அந்த யாலவுக்கு முதல் காவலராக வந்தவரும் ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர் என்பது இன்னொரு வேடிக்கை. போவர் யுத்தத்தில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான கைதிகளைப் பிரித்தானியர் 1900இல் தென் ஆப்பிரிக்காவில் இருந்து இலங்கைக்குக் கொண்டுவந்து தியத்தலாவையில் அடைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் மன்னருக்கு விசுவாசச் சத்தியம் செய்தவர்கள் வீடு திரும்பினார்கள். எங்கெல்பிரெக்ற் என்ற ஒருவர் சத்தியம் செய்ய மறுத்து இங்கேயே தங்கிவிட்டார். மறுகா யாலவின் காவலராக ஆனார். 1922இல் அம்பாந்தோட்டையில் இறந்தார். தன் ஊருக்குத் திரும்ப முடியாத ஒரு ஆள், இன்னொரு ஊர்க்காரரைக் காட்டுக்குள் வரவிடாமல் காவல் நின்றார். யோசிச்சுப் பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது.

1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காவாகின. துப்பாக்கி போய்க் கமரா வந்தது. ஆனால் ஒரு பழக்கம் மாறவில்லை: காடு 'வெறுமையாக' இருக்க வேணும் என்ற எண்ணம்.

ஒகவாங்கோவில் மொரேமி ஒதுக்குகாட்டை 1963இல் உருவாக்கியவர்கள் வெள்ளைக்காரர் இல்லை. பட்டவானா மக்களே தங்கட நிலத்தில், வேட்டையால் மிருகம் அழிகிறதைப் பார்த்து, அதை ஒதுக்கினார்கள். உண்மையில் பெரிய காரியம். ஆனால் அந்த எல்லைக்குள் அதுக்கு முன்பே வாழ்ந்த சான் மக்கள், க்வாய் ஆற்றின் மறுகரைக்குப் போக வேண்டி வந்தது. பிறகு அந்த ஆற்றோரத்தில் சொகுசுக் கூடாரங்கள் வந்தன. க்வாய் சனம் அதே ஆற்றோரத்தில் கூலிக்கும் வழிகாட்டி வேலைக்கும் போனார்கள்.

இங்கே 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானது. தம்பானைப் பக்கத்து வேடர் சமூகத்தை ஹெனானிகலவில் குடியேறச் சொன்னார்கள். பலர் போனார்கள். தலைவர் திசாஹாமி போகவில்லை. அவரும் சில குடும்பங்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். தேன் எடுத்த காட்டுக்குள் போக அனுமதி கேட்க வேண்டிய நிலை. ஆனால் உல்லாசப் பயணிகளுக்கு அவர்களைக் காட்டுவதற்கு மட்டும் தடை இருக்கவில்லை.

இப்ப கூடாரம் எங்கட தீவுக்கும் திரும்பி வந்துவிட்டது. யாலவின் ஓரம் பலட்டுப்பானையில் கூட்டுப்புழு வடிவத்தில் கட்டிய சொகுசுக் கூடார விடுதி 2017இல் திறந்து, அடுத்த வருடம் சர்வதேசக் கட்டடக்கலை விருதும் வாங்கியது. படத்தைப் பார்த்தால் அழகுதான். அழகில்லை எண்டு சொல்ல எங்களால முடியாது.

ஆனால் கரையோரச் சுற்றுலா எங்கட மாகாணத்துக்கு எப்படி வந்தது என்பதையும் மறக்க ஏலாது. குமுணக் காட்டுக்குப் போற வழியில் பாணமை இருக்கு. சிங்களமும் தமிழும் சேர்ந்து வளர்ந்த ஊர். 2010 ஜூலையில் ஆயுதம் தாங்கிய ஆக்கள் இரவில் வந்து ராகம்வெலயில் குடிசைகளைக் கொளுத்தி மக்களைத் துரத்தினார்கள். சுற்றியுள்ள கிராமங்களோடு சேர்த்துப் பாதிக்கப்பட்டது சுமார் 350 குடும்பங்கள். மறுகா அந்தப் பக்கத்தில் படை முகாம்கள் வந்தன. கடற்படை நடத்துகிற உல்லாச விடுதியும் வந்தது. 2015இல் அமைச்சரவை ஒரு பகுதி நிலத்தை விடச் சொன்ன பிறகும், மக்கள் 2016இல் தாங்களாகவே உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

அதே பாதையில்தான் எங்கட சனம் கதிர்காமப் பாதயாத்திரை போகிறது. உகந்தை முருகனைக் கும்பிட்டு, காட்டு வாசல் திறந்ததும் குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று நடந்து போவார்கள். எங்களில இரண்டு பேர் போயிருக்கிறோம். மரத்துக்குக் கீழே படங்கு விரிச்சுப் படுக்கை. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர். முன்பின் தெரியாத அம்மா ஒருவர் "சாப்பிட்டீங்களா புள்ளயள்?" எண்டு கேட்டுச் சோறு தருவார். யானை தூரத்தில் மரம் முறிக்கிற சத்தம் கேட்கும். எல்லாரும் "அரோகரா" என்பார்கள். அங்கே சுமக்கிற ஆளும் தூங்குகிற ஆளும் ஒரே ஆள்தான். யாத்திரைக்காரர் விட்டுப்போகிற பிளாஸ்ரிக் குப்பை பற்றி வெட்கப்பட எங்களுக்கும் நிறைய இருக்கு. அதையும் சொல்லத்தான் வேணும்.

ஏன் இவ்வளவும் எழுதுகிறோம்? சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியின் கரையிலும் 'சூழல் சுற்றுலா' என்ற சொல் இப்ப அடிக்கடி காதில விழுகிறது. கண்டல் காட்டுக்குள் படகுச் சவாரி, பறவை பார்க்கிறது, கரையில் கூடாரம். நாங்கள் எதிர்க்கவில்லை. கலைப்பீடத்தில் படிச்சு முடிச்சிட்டு வேலைக்கு எங்க போறது எண்டு தெரியாமல் இருக்கிற எங்களுக்கு, வேலை வாற கதையை எதிர்க்கத் துணிவும் இல்லை. போர்க்காலத்தில் பாதுகாப்புக்கு எண்டு வெட்டப்பட்ட கண்டல் திரும்பி வளர வருமானம் ஒரு காரணமாக இருந்தால், அதுவும் நல்லதுதான்.

க்வாய் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. 2000இல் அந்த ஊர்ச் சனம் தங்கட பெயரில் ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்து, பக்கத்து நிலத்தில் சுற்றுலா உரிமையைத் தாங்களே கையாளத் தொடங்கினார்கள். பிரச்சினை எல்லாம் தீர்ந்தது என்று இல்லை. கணக்கு, நிருவாகம், வேட்டைக்கு 2014இல் வந்து 2019இல் நீங்கிய தடை என்று சிக்கல்கள் இருந்தன. ஆனாலும் கூலிக்கு நிற்கிறதுக்கும் பங்காளியாக நிற்கிறதுக்கும் உள்ள தூரம் பெரிசு.

எங்களில ஒருத்தரின் மாமா நாற்பது வருடமாக இந்த வாவியில் வலை போடுகிறார். அந்த ஒகவாங்கோப் படத்தை அவருக்குக் காட்டினோம். கூடாரத்தை அவர் பார்க்கவே இல்லை. தோணிக்காரரைப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஊன்றுறான். வலை எங்க?"

"வலை இல்ல மாமா. ஆக்கள ஏத்தி இறக்குறதுதான் வேல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இஞ்ச கூடாரம் வந்தா வரட்டும். ஆனா மாரி வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டுறது எப்ப, இறால் படுறது எங்க, எந்தக் கண்டலுக்குள்ள மீன் சினைக்குது எண்டு ஆரிட்டக் கேப்பாங்க?" என்றார்.

"உங்களிட்டத்தான்."

"கேட்டுப்போட்டு மறுகா என்னைய எங்க நிக்கச் சொல்லுவாங்க?"

பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிறதுக்கு நூற்றியெழுபது வருடத்து வரலாறு காரணமாக இருக்கு என்று மட்டும் இப்ப தெரியும். கரையில் முதல் கூடாரம் எழும்புறதுக்கு முந்தி, அந்தப் பதிலை எழுத்தில் வாங்க வேணும். படிச்ச புள்ளயள் நாங்கள் செய்யக்கூடிய வேலை அது.