இராமநாதனின் இயேசுவும் கல்முனைச் சோனகரும்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்றால் யாழ்ப்பாணத்தவருக்கு அவர் நிறுவிய கல்லூரிகள் நினைவுக்கு வரும். கல்முனையில் நினைவுக்கு வருவது வேறு. செய்தி சேகரிப்பதற்காக அந்தக் கரையோரத்துக்குப் பலமுறை சென்று வந்தவன் நான். அவருடைய பெயரைச் சொன்னதும், 'எங்களைத் தமிழர் என்று எழுதியவர்தானே' என்ற பதிலே முதலில் கிடைத்தது. அதே இராமநாதன் இயேசுவைப் பற்றியும் இரண்டு பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார் என்பதை நான் மிகவும் பிந்தியே அறிந்தேன். இரண்டையும் சேர்த்து வாசித்தபோது சற்று மலைத்துப் போனேன்.

1898 இல் மத்தேயு சுவிசேஷத்துக்கும் 1902 இல் யோவான் சுவிசேஷத்துக்கும் அவர் செய்த ஆங்கில விரிவுரைகள் லண்டனில் அச்சேறின. ஸ்ரீ பரானந்தர் என்பது அவர் பூண்டுகொண்ட பெயர். பதிப்பித்தவர் ஆர். எல். ஹரிசன் என்ற மேல்நாட்டுச் சிஷ்யை. பின்னாளில் லீலாவதி இராமநாதன் ஆனவர் அவரே. அந்நாளில் இராமநாதன் இலங்கையின் சொலிசிற்றர் ஜெனரல். ஆளும் வர்க்கத்தின் வேதநூலுக்கு, அதே அரசாங்கத்தின் ஊதியம் பெற்ற சைவர் ஒருவர் உரை எழுதினார் என்றால் அந்தத் துணிவைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அவர் சொன்னதன் சாரம் இது. இயேசு கீழைத்தேயத்து ஞானி. கிறிஸ்து என்பது ஆன்மா தூய்மையடைந்து எய்தும் நிலை. மேலைநாட்டுக் குருமார் சொல்லைப் பிடித்துக்கொண்டு அனுபவத்தைக் கைவிட்டார்கள். ஆகவே அவர்களுடைய வேதத்தின் திறவுகோல் அவர்களிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது! 1905 - 1906 காலப்பகுதியில் அமெரிக்காவுக்கே சென்று இவ்வாறு பேசினார். பின்காலனியப் பார்வை என்ற தொடர் பிறப்பதற்குப் பல தசாப்தங்கள் முந்திய செய்தி இது. இலங்கையில் பிறந்து பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஆர். எஸ். சுகிர்தராஜா, 'பைபிளும் ஆசியாவும்' என்ற பொருள்படும் தமது 2013 ஆம் ஆண்டு நூலில் இவ்வுரைகளை ஆராய்ந்திருக்கிறார்.

இனி மறுபக்கம். மத்தேயு உரைக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1888 இல், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இராமநாதன் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் பேசுவது தமிழ், அவர்களுடைய வழக்காறுகளும் தோற்றமும் தமிழருடையவை, எனவே அவர்கள் இனத்தால் பெரும்பாலும் தமிழரே என்பது அவர் வாதம். சட்டநிரூபண சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த வேளை அது. அடுத்த ஆண்டே எம். சி. அப்துல் ரகுமான் அச்சபைக்கு நியமனம் பெற்றார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், இராமநாதனின் வாதத்தை மறுத்து ஒரு நூலே எழுதினார்.

கல்முனைக்குப் போனவர்களுக்கு இராமநாதனின் சான்றுகள் கண்ணில் படாமல் இரா. தாய்வழிக் குடிமுறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அங்கே பொது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் முடிப்பார்கள், இரு சாராரும். கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டவர் பேரில் கொடியேறுகிறது. ஆனால் சான்று சரியாக இருப்பது ஒன்று. பெயர் சூட்டும் உரிமை வேறொன்று. இதை இராமநாதனைவிட நன்றாக அறிந்தவர் எவர்? ஐரோப்பியரிடம் அவர் தொடுத்த வழக்கே அதுதானே.

ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியர் ஒருவரிடம் ஒருமுறை இந்நூல்களைப் பற்றிச் சொன்னேன். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சற்று யோசித்தார்.

"ஈஸா நபியைப் பற்றி எங்களுக்கும் வேதத்தில் இருக்கிறது, தம்பி. மர்யம் என்ற பேரில் ஓர் அத்தியாயமே உண்டு. இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்கிறீர்கள், யாராவது இந்தப் பக்கம் வந்து கேட்டார்களா?"

என்னிடம் பதில் இல்லை. யாழ்ப்பாணத்து மெதடிஸ்தரான டி. ரி. நைல்ஸ், மேலைநாட்டார் கொண்டுவந்த தொட்டியை உடைத்துச் செடியை நம் மண்ணில் நடவேண்டும் என்ற கருத்துக்காக உலகெங்கும் அறியப்பட்டவர். 1974 இல் களனியில் துலானா ஆய்வகத்தை நிறுவிய அலோசியஸ் பீரிஸ் அடிகளார் பௌத்தத்துடன் உரையாடி ஆசிய இறையியலுக்கு வளம் சேர்த்தார். பெருமைப்படத்தக்கவர்கள்தாம். எனினும் நான் வாசித்த அளவில், இலங்கையின் ஆசிய இறையியல் பௌத்தரையும் சைவரையும் பார்த்துப் பேசிய அளவுக்கு, இயேசுவை நபியாகப் போற்றும் முஸ்லிமைப் பார்த்துப் பேசவில்லை. 1814 இலேயே மட்டக்களப்புக்கு வெஸ்லியன் மிஷன் வந்துவிட்டது. கல்முனையிலும் அதன் பாடசாலை எழுந்தது. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தால் முஸ்லிம் பெற்றோர் பலர் மிஷன் பாடசாலைகளை விட்டு விலகியே நின்றனர். அந்த விலகலையாவது இறையியலாளர் விசாரித்திருக்கலாம்.

அப்பாடசாலையில் படித்தவர்களுள் காரைதீவுச் சிறுவன் ஒருவனும் உண்டு: பின்னாளில் விபுலாநந்த அடிகள். 1942 இல் ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். வண்ணார்பண்ணையில் பிறந்த முஸ்லிம் அவர். சைவத் துறவியும் அவரும் நெருங்கிப் பழகினர். இராமநாதனும் அப்துல் அஸீஸும் அச்சில் மோதிய வினா இவ்விருவரையும் பிரிக்கவில்லை. கல்முனை முஸ்லிம் பிள்ளைகளின் கல்விநிலை அஸீஸின் மனதை விட்டு அகலவில்லை. 1945 இல் அவர் முன்னின்று இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார்.