துயரைத் தீர்ப்பவர் யார்?: அகிலனின் ‘சித்திரப்பாவை’யில் காதலும் குற்றவுணர்வும் மீட்சியும்

தமிழில் காதல் நாவலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. காதலர் சேர்ந்தார்களா என்பது ஒன்று. வாசகர் அழுதார்களா என்பது மற்றொன்று. முதலாவதைத் தொடர்கதை வாசகர்கள் வாராவாரம் கேட்டார்கள். இரண்டாவதை விமர்சகர்கள் சற்று இளக்காரத்தோடு கேட்டார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு: கதைக்குள் அழுதவளின் அழுகை எப்படி ஓய்ந்தது, அதை ஓயச் செய்தவர் யார்? இக்கேள்வியை அகிலனின் ‘சித்திரப்பாவை’யிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுக்கோட்டைச் சீமையின் பெருங்களூரில் 1922 ஜூன் 27 அன்று பிறந்தவர் அகிலன். இயற்பெயர் அகிலாண்டம். ரயில்வே அஞ்சல் துறையில் வேலை பார்த்து, பின்னர் வானொலிக்குச் சென்றவர். ‘வேங்கையின் மைந்தன்’ நாவலுக்காக 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள கொடும்பாளூரின் இளவரசன் இளங்கோவே அந்நாவலின் நாயகன். ‘சித்திரப்பாவை’ 1960களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அதற்குக் கிடைத்தது. தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அது. விருது வந்த வேகத்திலேயே எதிர்ப்பும் வந்தது. சுந்தர ராமசாமி போன்றோர், வணிகப் பத்திரிகைத் தொடருக்கு இவ்வளவு பெரிய மதிப்பா என்று கடுமையாக எழுதினர். அந்தச் சர்ச்சையில் நாவலின் தரம் பேசப்பட்ட அளவுக்கு அதன் மையச் சிக்கல் பேசப்படவில்லை.

துயரம் காலத்தால் ஆறுகிறது என்பதையும், பிறர் காட்டும் பரிவால் ஆறுகிறது என்பதையும் ‘சித்திரப்பாவை’ ஏற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இழப்பின் வலியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குற்றவுணர்வைத் துயருற்றவளே பிரித்தறிந்து, அது தன்னுடையதன்று என்று தள்ளும்போதுதான் மீட்சி தொடங்குகிறது. அந்த இடம்வரை நாவல் துணிவாக வருகிறது. அதற்குப் பிறகு தயங்குகிறது. துணிவு, தயக்கம் இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

1. ஒல்லையூரில் இருந்த இரண்டு வழிகள்

அகிலன் பிறந்த இதே புதுக்கோட்டைச் சீமையில், காதலையும் துயரையும் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குரல் ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது அது (புறம் 246). ஒல்லையூர் என்பது இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலம் என்று அறிஞர்கள் கொள்வர். பூதப்பாண்டியனின் வஞ்சினப் பாட்டும் (புறம் 71) நமக்குக் கிடைத்திருக்கிறது. பகைவரை வெல்லாவிட்டால் தனக்கு நேரட்டும் என்று அவன் அடுக்கும் கேடுகளில் மனைவியைப் பிரிவது முதலில் வருகிறது. செங்கோல் பிழைப்பதும் நண்பரை இழப்பதும் அதற்குப் பின்தான். அவன் மறைந்த பிறகு அவள் பாடிய பாட்டை இந்த வஞ்சினத்தின் மறுமுனையாகவே படிக்க முடிகிறது.

அப்பாட்டில் அவள் பேசுவது இறந்தவனிடம் அன்று. தன்னைத் தீயில் இறங்கவிடாமல் தடுக்கும் சான்றோரிடம். அவர்கள் தரும் உயிர் எப்படிப்பட்டது என்பதை அவள் சாப்பாட்டுத் தட்டைக் காட்டி விளக்குகிறாள்: நெய் தொடாத நீர்ச்சோற்றுப் பிண்டம், எள்ளுத் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. படுக்க, பாய்கூட இல்லாத பரற்கற்கள். இவற்றைச் சொல்லிவிட்டு, ஈமத்தீ உங்களுக்குக் கொடிதாகத் தெரியலாம், எனக்கோ அதுவும் தாமரைக் குளமும் ஒன்றே என்கிறாள்.

இப்பாட்டை உடன்கட்டையின் புகழ்ச்சியாகப் படிப்பது எளிது. அப்படித்தான் நெடுங்காலம் படிக்கப்பட்டது. ஆனால் பாட்டின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது கைம்மை வாழ்வின் விவரம். தீயைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. அவள் முன் இருந்த வழிகள் இரண்டு: சட்டென்று எரிவது, அல்லது நாள்தோறும் சிறிது சிறிதாக வாடுவது. துயரத்தோடு வாழ்ந்து அதிலிருந்து எழுவது என்ற மூன்றாவது வழியை அச்சமூகம் அவளுக்கு வைத்திருக்கவில்லை. முடிவு அவளுடையது என்பது உண்மை. ஆனால் எதிலிருந்து எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பட்டியலை வகுத்தவர்கள் வேறு சிலர்.

காதல் நாவல் என்ற நவீன வடிவத்தைச் சோதிக்க இதைவிடக் கூர்மையான அளவுகோல் தேவையில்லை. அந்த மூன்றாவது வழியை அது திறந்து காட்டுகிறதா?

2. ஒரு பத்திரிகை, ஒரே கேள்வி

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்னிப்பிரவேசம்’ சிறுகதை வெளியானது. மழை நாளில் காரில் ஏற்றிக்கொண்ட அந்நியனிடம் கெட்டுப்போனதாக வீடு திரும்பி அழும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாடே இரண்டுபட்டு வாதிட்டது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற திசையில் சென்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை ஜெயகாந்தன் பின்னர் எழுதினார்.

ஏறத்தாழ அதே காலத்தில், அதே பத்திரிகையின் வாசகர்கள் முன் அகிலனும் அதே கேள்வியைத்தான் வைத்தார்: ஒரு பெண்ணின் விருப்பமில்லாமல் அவளைத் தொட்ட ஆணுக்கு அந்தத் தொடுகையால் ஏதேனும் உரிமை பிறக்கிறதா? ஓவியன் அண்ணாமலையும் ஆனந்தியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். மாணிக்கம் ஆனந்தியை வலிந்து முத்தமிட்டுவிடுகிறான். களங்கப்பட்டவள் அண்ணாமலைக்கு ஏற்றவள் அல்லள் என்று அவளே முடிவு செய்து மாணிக்கத்தை மணக்கிறாள்.

ஜெயகாந்தனின் சிறுமிக்குத் தாய் இருந்தாள். தீர்ப்பு ஒரு குடம் தண்ணீரோடு அன்றைக்கே முடிந்தது. ஆனந்திக்கு அப்படி யாரும் இல்லை. தீர்ப்பை எழுதியவளும் அவள். தண்டனையை ஏற்றவளும் அவள். ஆகவே அதை அழிக்க வேண்டியவளும் அவளே. நாவலின் நீளத்துக்கு உண்மையான காரணம் இதுதான். ஒரு நொடியில் நடந்ததை ஒரு பெண் தன் மனத்திலிருந்து அகற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைச் சிறுகதையால் சொல்லிவிட முடியாது.

3. இரண்டு அடுக்குத் துயரம்

ஆனந்தியின் துயரத்தைச் சற்று அணுகிப் பார்க்க வேண்டும். அவளுடைய எண்ணம் மூன்று படிகளில் நகர்கிறது. அவன் என்னைத் தொட்டுவிட்டான். தொட்டவனுக்கே நான் உரியவள். எனவே அண்ணாமலைக்கு நான் இல்லை. முதற்படி நடந்த நிகழ்ச்சி. மூன்றாம் படி அதிலிருந்து விளைந்த இழப்பு. இரண்டையும் பிணைக்கும் நடுப்படி மட்டும் அவளுடையதன்று. அது தலைமுறை தலைமுறையாகக் கற்பு பற்றி வீட்டிலும் கோயிலிலும் கதாகாலட்சேபத்திலும் கேட்டு ஊறியது. அவள் அதைத் தன் மனச்சான்றின் குரல் என்று நம்புகிறாள்.

இதனால் அவளால் தன் இழப்புக்காக முறையாக அழவும் முடிவதில்லை. காதலனை இழந்தவள் அழலாம். குற்றவாளி எப்படி அழுவாள்? மணவாழ்வில் மாணிக்கம் இழைக்கும் ஒவ்வொரு கொடுமையும் அவளுக்குத் தகுந்த தண்டனையாகவே தோன்றுகிறது. வலி கூடக்கூட, தான் செய்த முடிவு சரி என்ற நம்பிக்கையும் கூடுகிறது. துயரம் ஆறாமல் நீள்வதற்குக் காதலின் ஆழம் மட்டும் காரணமன்று. அதன்மேல் கவிந்திருக்கும் இந்தக் கணக்குத்தான் அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறது.

அண்ணாமலையின் நிலை வேறு. அவன் சுந்தரியை மணக்கிறான். பொருளையே பெரிதாக எண்ணும் அவளோடு அவனுடைய கலைமனம் பொருந்தவில்லை. ஆயினும் அவன் கையில் தூரிகை இருக்கிறது. இழந்ததை வேலையாக்கிக்கொள்ள அவனுக்கு ஒரு தொழில் இருக்கிறது. ஊர் அவனைக் கேள்வி கேட்கவில்லை. குற்றவுணர்வு அவனைத் தின்னவில்லை. ஒரே காதல் முறிந்தபோது ஆணுக்கு வருத்தமும் பெண்ணுக்கு வருத்தத்தோடு பழியும் பங்காக வந்ததை, இரண்டு மணவாழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்தே நாவல் காட்டிவிடுகிறது. உரைநடையில் இதை எங்கும் முழங்க வேண்டிய தேவை இல்லை.

இறுதியில் ஆனந்தி தாலியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறுகிறாள். கணவனைப் பொறுக்க முடியாமல் போன மனைவியின் கோபமாக மட்டும் இதைப் படித்தால் நாவலின் பாதி நழுவிவிடும். அவள் எறிவது மாணிக்கத்தை மட்டுமன்று, அந்த நடுப்படியையும்தான். தொட்டவனுக்கு உரிமை இல்லை என்றால் அந்தத் திருமணத்துக்கே அடிப்படை இல்லை. அடிப்படை இல்லாத ஒன்றை முறிப்பது துரோகம் ஆகாது. யாரும் அவளை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய குற்றமே நடக்கவில்லை என்பதை அவள் கண்டுகொள்கிறாள். மீட்சி இந்த அறிவில்தான் இருக்கிறது. அண்ணாமலையைச் சேர்வது அதன் விளைவு.

4. கதையும் சட்டமும்

இந்தச் செயலின் எடையை அக்காலச் சட்டத்தின் அருகில் வைத்துப் பார்த்தால்தான் உணர முடியும். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமை 1949இலும், நாடு முழுவதும் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தாலும் வந்தது. ஆனால் அச்சட்டத்தின்படி கொடுமை என்பது நீதிமன்றத்தின் வழியே பிரிந்து வாழ்வதற்கு மட்டுமே காரணம். மணவிலக்குக்கு அது காரணமாகச் சேர்க்கப்பட்டது 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். தொடர்கதையைப் படித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி ஆனந்தியின் நிலையில் இருந்திருந்தால், தான் பட்ட கொடுமையை மட்டும் சொல்லி மணவிலக்குப் பெற்றிருக்க முடியாது.

அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. அண்ணாதுரை அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணம் செய்துகொள்ளலாம் என்று அது சொன்னது. திருமணத்துக்குத் தாலி கட்டாயமன்று என்று சட்டம் ஒப்புக்கொண்ட காலத்தில், தாலி விழுந்தால் வாழ்வு முடிந்தது என்ற நம்பிக்கையைக் கதை சோதித்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. சட்டசபையிலும் திராவிட இயக்க மேடையிலும் வாதமாக இருந்தது, அம்மேடைப் பக்கம் போகாத வீடுகளுக்கும் கதையாகச் சென்றது என்று சொல்லலாம். விகடன் போகும் வீட்டில் படிக்கத் தெரிந்த எல்லோரும் அதைப் படித்தார்கள். வணிகப் பத்திரிகை என்ற வசை, இந்த ஒரு வகையில், அதன் வலுவாகவும் இருந்தது.

5. நாவல் தயங்கும் இடங்கள்

மறுப்புகளுக்கு விடை சொல்லாமல் இவ்வாதம் நிறைவு பெறாது. பாத்திரங்கள் கறுப்பு வெள்ளையாக இருக்கின்றன என்பது பழைய குறை. அது சரியான குறையே. கலைக்கு அண்ணாமலை, காசுக்கு மாணிக்கம் என்ற பங்கீடு மிகவும் நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அதனால் விளையும் இழப்பு அழகியல் சார்ந்தது மட்டுமன்று. மாணிக்கம் இவ்வளவு கெட்டவனாக இருப்பதால், ஆனந்தி வெளியேறுவதை வாசகர் எளிதில் ஒப்புக்கொள்கிறார். திருமணம் செய்துகொண்ட பிறகு அவன் திருந்தி, ஓரளவு நல்ல கணவனாக நடந்துகொண்டிருந்தால்? நாவலின் தருக்கப்படி அப்போதும் அவள் வெளியேறலாம். ஏனெனில் கோளாறு தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கடினமான கேள்வியை எதிர்கொள்ளாமல், கொடுமையைக் கூட்டிக் காட்டி அகிலன் விலகிச் செல்கிறார். தொடர்கதை வாசகரின் பொறுமை அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது தயக்கம், மீட்சி பெற்றவள் போய்ச் சேருமிடம். ஆனந்திக்கு அண்ணாமலையின் தூரிகைபோல் எதுவும் தரப்படவில்லை. ஒரு வீட்டிலிருந்து வெளியேறியவள் தனக்கென்று ஓர் இடமின்றி, காத்திருந்த காதலைச் சேர்கிறாள். காதல் நாவலின் இலக்கணம் அவளைச் சேர்த்துவைக்கிறது. அதே இலக்கணம் அவள் தனித்து நிற்பதைப் பார்க்கவிடாமலும் தடுக்கிறது.

இருந்தும், அகிலனுக்கு உள்ளேயே ஒரு நகர்வு தெரிகிறது. அவருடைய முந்தைய நாவலான ‘பாவை விளக்கு’ 1960இல் சிவாஜி கணேசன் நடிக்கப் படமாகவும் வந்தது. அதில் இளம் விதவையான தேவகியின் அன்பு மணத்தில் முடிவதில்லை. மறுமணத்துக்குச் சட்டம் 1856இலேயே இடம் கொடுத்திருந்தும் கதை இடம் கொடுக்கவில்லை. பெருங்கோப்பெண்டு எண்ணிக் காட்டிய அந்த வேளைக்கீரை வாழ்வின் நிழல் தேவகிமேல் இன்னும் படிந்திருக்கிறது. ஆனந்தியிடம் வரும்போது, கணவன் உயிரோடிருக்கும் நிலையிலேயே கதவு திறக்கிறது.

ஒல்லையூரின் தேவிக்கும் ஆனந்திக்கும் பொதுவானது முடிவெடுக்கும் உறுதி. வேறுபாடு, அந்த உறுதி எந்தத் திசையில் செலவாக முடிந்தது என்பதில் இருக்கிறது. சான்றோரை மறுத்தவள் சாவை நோக்கித்தான் நடக்க முடிந்தது. தனக்குள் குடியிருந்த சான்றோரை மறுத்தவள் வாழ்வை நோக்கி நடந்தாள். உருக்கமான காதல் கதைகளை மதிப்பிட நமக்கு ஓர் அளவுகோல் இதிலிருந்து கிடைக்கிறது. கண்ணீரின் அளவை விட்டுவிடலாம். துயரத்துக்குள் இருக்கும் இழப்பையும் பழியையும் கதை பிரித்துக் காட்டுகிறதா, பழியை உதறும் அதிகாரத்தைத் துயருற்றவளிடமே கொடுக்கிறதா என்று கேட்கலாம். ‘சித்திரப்பாவை’ முதலாவதை முழுமையாகவும் இரண்டாவதைப் பெரும்பாலும் செய்கிறது. உதறியபின் அவளுக்கென்று ஒரு வாழ்வைக் கட்டிக் கொடுக்கும் வேலை, அதற்குப் பின் வந்த பெண் எழுத்தாளர்களுக்கு மிச்சமாக நின்றது.