இரண்டாமவர் இருக்கை

மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்குப் பின்னால் அமர்பவரையும் அவருடைய இருக்கையையும் ஆங்கிலத்தில் 'பிலியன்' என்று வழங்குவர். இச்சொல் மோட்டார் சைக்கிளைக் காட்டிலும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் மூத்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேசப்படும் கேலிக் மொழிகளின் வழியே அது ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் அடியில், தோலைக் குறிக்கும் 'பெல்லிஸ்' என்னும் இலத்தீன் சொல் இருக்கிறது. குதிரையின் சேணத்துக்குப் பின்புறம் கட்டப்பட்ட சிறு மெத்தையே பிலியன். பெரும்பாலும் பெண்களே அதில் அமர்ந்தனர். சேணம் குதிரையைச் செலுத்துபவருக்கு. மெத்தை உடன் வருபவருக்கு. செலுத்துபவருக்கு உரியதைச் செய்து முடித்த பிறகு, எஞ்சிய இடத்தில் இன்னொருவருக்காக ஒட்டவைக்கப்பட்டது அது.

இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வது நம் தொழில். 'எஞ்சிய இடம்' என்னும் பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு குதிரையிலிருந்து எந்திரத்துக்கும் தாவியது. நெடும்பயணத்துக்கு ஏற்ற பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முனைபவர், அதிலும் இருவராகப் பயணம் செய்ய விரும்புபவர், இந்த வரலாற்றை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் பழைய வண்டி ஒன்றை வாங்கும்போது, அது செய்யப்பட்ட காலத்தில் இரண்டாமவரைப் பற்றி நிலவிய எண்ணத்தையும் சேர்த்தே வாங்குகிறோம்.

முன்னும் பின்னும் பக்கத்திலும்

1885ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் உருவாக்கிய மரச்சட்ட வண்டியில் ஒருவர் மட்டுமே அமர முடியும். 1894இல் மியூனிக் நகரில் வரிசையாக உற்பத்தி செய்யப்பட்ட ஹில்டிபிராண்ட் - வொல்ஃப்முல்லர் வண்டியும் ஒருவருக்கானதே. அக்கால எஞ்சின்களுக்கு ஒருவரைச் சுமப்பதே பெரும்பாடு.

ஆனால் மனிதர் தனியே பயணம் செய்ய விரும்புவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் இரண்டாமவரை எங்கே வைப்பது என்பதற்கு மூன்று விடைகள் சொல்லப்பட்டன. முதலாவது, பின்னால் இழுத்துச் செல்லப்படும் சிறு வண்டி. அதில் அமர்ந்தவர் சாலையின் புழுதியையும் எஞ்சினின் புகையையும் ஒருங்கே உண்டார். இரண்டாவது, வண்டியின் முன்புறத்தில் இரு சக்கரங்களுக்கு இடையே பொருத்தப்பட்ட நாற்காலி. காட்சி நன்றாகத் தெரியும்; விபத்து நேர்ந்தாலோ முதலில் அடிபடுபவர் அவரே. மூன்றாவது, பக்கவாட்டில் இணைக்கப்பட்ட சைடுகார். பிரிட்டனில் இதற்கான காப்புரிமை விண்ணப்பங்கள் 1903இல் தோன்றின. மூன்றில் நிலைத்தது இதுவே. மலிவான கார்கள் பெருகும்வரை அங்குள்ள எளிய குடும்பங்களின் ஊர்தியாக அது விளங்கியது.

சைடுகார் வாங்க இயலாதவர்கள் பின்சக்கரத்துக்கு மேலிருந்த சுமைத் தாங்கியில் ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டனர். பழைய பிலியன் மீண்டும் வந்தது. 1920களின் ஆங்கிலேயர் அதற்கு 'ஃப்ளாப்பர் பிராக்கெட்' என்று கேலிப்பெயர் சூட்டினர். ஃப்ளாப்பர் என்பது அக்காலத்து நாகரிக இளம்பெண்ணைக் குறிக்கும் வழக்குச்சொல். பிராக்கெட் என்பது சுமையைத் தாங்கும் இரும்புக் கொக்கி. இரண்டாமவர் ஒரு சுமை என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே வெளிப்படுகிறது.

பின்சக்கரத்துக்கு அக்காலத்தில் பெரும்பாலும் ஸ்பிரிங் கிடையாது. ஓட்டுபவருடைய இருக்கையின் அடியில் ஸ்பிரிங்குகள் இருந்தன. பின்னால் இருந்தவரோ அச்சுக்கு நேர்மேலே, சாலையின் ஒவ்வொரு குழியையும் தம் முதுகெலும்பால் அளந்தபடி சென்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பின்சக்கரம் மேலும் கீழும் அசைய இடம்தரும் ஸ்விங்கிங் ஆர்ம் அமைப்பு பரவிற்று. இருவருக்கும் பொதுவான நீள இருக்கை 1950களில் வழக்கமாயிற்று. இரண்டாமவருக்கு எந்திரக் கலை அளித்த முதல் மரியாதை அது எனலாம்.

சட்டம் கண்ட இரண்டாமவர்

எந்திரத்துக்கு முன்பே சட்டம் விழித்துக்கொண்டது. பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்றும், அவர் ஓட்டுபவருக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையில் இருபுறமும் கால்போட்டு அமர வேண்டும் என்றும் விதித்தது.

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு ஏறத்தாழ அதே சொற்களைக் கொண்டது. ஒரு சொல் மட்டும் அதில் இல்லை. இருபுறமும் கால்போட்டு அமர வேண்டும் என்ற கட்டளை இடம்பெறவில்லை. மாறாக, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்வைக்கும் தாங்கியும் வேண்டும் என்பதோடு, ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. நாம் 'சாரி கார்டு' என்று அழைப்பது இதைத்தான். சேலை உடுத்தி ஒருபுறமாக அமரும் பெண்ணைச் சட்டம் கண்டுகொண்டதன் அடையாளம் அந்தக் கம்பித் தடுப்பு என்று நான் கருதுகிறேன். அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டும் இளைஞர்கள், எந்திரம் மறந்த ஒருவரைச் சட்டம் நினைவுகூர்ந்ததன் சான்றைக் கழற்றி எறிகிறார்கள்.

இரு பயணங்கள்

தேர்வின் அருமையை உணர்த்த இரு பயணங்களைச் சுட்டலாம். தெரசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன் என்னும் இரு ஆங்கிலப் பெண்கள் 1934 டிசம்பரில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, சகாராப் பாலைவனத்தைக் கடந்து, 1935 ஜூலையில் கேப் டவுனை அடைந்தனர். அவர்களது 600 சிசி பாந்தர் வண்டியில் சைடுகார் ஒன்றும், பின்னே இழுவண்டி ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தன. இரண்டாமவருக்கும் மூட்டை முடிச்சுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பாலையில் எஞ்சின் பழுதானது. செப்பனிட்டுக்கொண்டு மேலே சென்றனர்.

மற்றொன்று உலகறிந்தது. 1952இல் எர்னஸ்டோ சே குவேராவும் அவருடைய நண்பர் ஆல்பர்டோ கிரனாடோவும் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியது, கிரனாடோவுக்குச் சொந்தமான 500 சிசி நார்ட்டன் வண்டியில். அது 1939ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. பயணத்தின்போது அதற்கு வயது பதின்மூன்று. வலிமை வாய்ந்தவள் என்று பொருள்படும் 'லா பொதெரோசா' என்று பெயரும் சூட்டியிருந்தனர். இருவரும் அவர்களது உடைமைகளும் அதன் மேலேயே ஏறினர். வண்டி பலமுறை சாய்ந்தது. பல முறை பழுது பார்க்கப்பட்டது. இறுதியில் சிலி நாட்டில் கைவிடப்பட்டது. எஞ்சிய நெடும்பயணத்தை நடந்தும், லாரிகளில் தொற்றியும், படகிலும் முடித்தனர்.

அந்தப் பயணம் வரலாற்றில் இடம்பெற்றதை நாம் அறிவோம். வண்டித் தேர்வின் கோணத்தில் பார்த்தால் அது தரும் பாடம் எளிது. இரண்டாமவரின் எடையும் மூட்டைகளின் எடையும் பின்சக்கரத்தின் மேலேயே விழுகின்றன. பின்புற ஸ்பிரிங் அமுங்குகிறது. முன்சக்கரம் தரையைப் பற்றும் வலு குறைகிறது. முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கிறது. தனியே ஓட்டும்போது குற்றம் காண முடியாத வண்டி, இருவர் ஏறியதும் வேறொரு வண்டியாகிவிடுகிறது.

அரியணையான மெத்தை

இரண்டாமவரை மையமாக வைத்து ஒரு வண்டி படிப்படியாக வளர்ந்த வரலாற்றைக் காண ஹோண்டா நிறுவனத்தின் கோல்டு விங் சிறந்த சான்று. அமெரிக்காவில் இருவர் பயணத்துக்குப் பழைய வண்டி தேடுவோர் பேச்சில் அதன் பெயர் வராமல் போவது அரிது.

1975இல் விற்பனைக்கு வந்த ஜி.எல்.1000, 999 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினை உடையது. செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட் மூலம் பின்சக்கரம் சுழன்றது. ஆயினும் அது வெற்று வண்டி. காற்றைத் தடுக்க முகப்பு இல்லை, பெட்டிகள் இல்லை, முதுகுச் சாய்வும் இல்லை. வாங்கியவர்களே அவற்றைத் தேடிப் பொருத்திக்கொண்டனர். கிரெய்க் வெட்டர் வடிவமைத்த 'விண்ட்ஜாமர்' என்னும் காற்றுத்தடுப்பு அவ்வாறு புகழ்பெற்றது. பயனாளர்கள் காட்டிய வழியை நிறுவனம் 1980இல் பின்பற்றியது. ஜி.எல்.1100இன் 'இன்டர்ஸ்டேட்' வகை, காற்றுத்தடுப்பும் பெட்டிகளும் பின்னவருக்கு முதுகுச் சாய்வும் கொண்டு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 1988ஆம் ஆண்டு மாடலான ஜி.எல்.1500 ஆறு சிலிண்டர்களும், பின்னோக்கி நகரும் வசதியும் பெற்றது. 2001இல் ஜி.எல்.1800 வந்தது. இரண்டாமவரின் மெத்தை கைதாங்கிகள் வைத்த அரியணையாயிற்று.

இந்த வளர்ச்சி நேர்கோட்டில் செல்லவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. 2006இல் மோட்டார் சைக்கிள் வரலாற்றில் முதன்முறையாகக் காற்றுப்பை கொண்ட வகை விற்பனைக்கு வந்தது. அது விரிவது ஓட்டுபவரின் முன்னால். 2018இல் வண்டி முற்றிலும் மாற்றியமைக்கப்பட்டது, எடை சுமார் 40 கிலோ குறைந்தது, பெட்டிகளும் சுருங்கின. ஓட்டுபவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் 2021இல் டூர் வகையில் பின்னவரின் முதுகுச் சாய்வை மேலும் சரித்தும், மெத்தையைத் தடிப்பாக்கியும், பின்பெட்டியைப் பெரிதாக்கியும் நிறுவனம் திருத்த வேண்டியிருந்தது. நூற்றாண்டு கடந்த பின்னும் இரண்டாமவரின் இடம் சுருங்குவதும் மீள்வதுமாக இருக்கிறது. ஆகவே பிந்திய ஆண்டு என்பதாலேயே ஒரு வண்டி அவருக்கு ஏற்றது என்று முடிவு செய்துவிடலாகாது.

தேர்வு செய்யும் முறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில முறைகளைப் பெறலாம்.

முதலாவது, வண்டியைப் பார்க்கச் செல்லும்போது இருவரும் செல்ல வேண்டும். பின்னால் அமர்பவரே முதலில் ஏறிப் பார்க்க வேண்டும். முழங்கால் எவ்வளவு மடிகிறது, பாதம் முழுதாகப் பதிகிறதா, கைக்குப் பிடி எட்டுகிறதா, ஓட்டுபவரின் தலைக்கவசம் பார்வையை மறைக்கிறதா என்பவற்றை அவரால்தான் சொல்ல இயலும். ஐந்து நிமிடத்தில் எந்த இருக்கையும் இனிக்கும். அரைமணி நேரமாவது இருவராக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சுமைக் கணக்கு. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து, நிரம்பிய எரிபொருளுடன் கூடிய அதன் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே நமக்கு உரியது. ஓர் எடுத்துக்காட்டு: மிஞ்சுவது 190 கிலோ, இருவரின் எடை 75, 65 கிலோ என்று கொள்வோம். தலைக்கவசம், காலணி, உடை, பெட்டிகளில் வைப்பவை அனைத்துக்கும் எஞ்சுவது 50 கிலோ மட்டுமே. பெரிய வண்டி மிகுந்த சுமை தாங்கும் என்று எண்ணுவது தவறாகலாம். அதன் சொந்த எடையே அனுமதியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

மூன்றாவது, பின்புறத்தின் உடல்நலம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, காற்றாலோ மின்சாரத்தாலோ உயர்த்தும் அமைப்பு இருந்தால் அது இயங்குகிறதா, பின்னவரின் கால்தாங்கி இணைக்கப்பட்ட இடத்தில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் கூறும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் முதிர்ந்த ரப்பர் இருவர் எடைக்கு ஏற்றதன்று.

நான்காவது, அந்தந்தத் தலைமுறைக்குரிய குறை. ஜி.எல்.1500 வரையிலான கோல்டு விங் வண்டிகளில் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் சிதையும். எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லையெனில், மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும். நான்கு சிலிண்டர் மாடல்களில் மின்னாக்கியின் ஸ்டேட்டர் எஞ்சினுக்குள் பின்புறம் உள்ளது. அது கெட்டால் எஞ்சினையே இறக்க நேரும். நிறுத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்த வண்டியைக் காட்டிலும், முறையாகப் பராமரித்து நெடுந்தூரம் ஓடிய வண்டி பல நேரங்களில் நம்பத்தக்கது.

நம் பழம்பாடல்களில் முல்லைத் திணைத் தலைவன், வினை முடித்து மீளும்போது தேர்ப்பாகனோடு பேசுகிறான். விரைந்து செலுத்தும்படி வேண்டுகிறான். அங்கே உடன் செல்பவனுக்குக் குரல் உண்டு; பாகன் அதைக் கேட்டுச் செலுத்துகிறான். மோட்டார் சைக்கிளின் பின்னிருப்பவர் பேசுவதைக் காற்று அடித்துச் சென்றுவிடும். அவர் கையில் ஹேண்டில்பார் இல்லை. காலில் பிரேக் இல்லை. வரும் பள்ளம் கண்ணில் படுவதும் இல்லை. தம் உயிரை முன்னால் இருப்பவரிடம் ஒப்படைத்து அமர்ந்திருக்கிறார். பயணத்தில் பேச முடியாத அவர், வாங்கும் நாளிலாவது பேசட்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே முறை.